புலப்பட வரைவில் குறுவிசைகளும் மேக்ரோக்களும்

நில அளவைப் பணியில் புலத்தில் செலவாகும் காலத்திற்குக் குறையாத காலம் வரைவு மேசையிலும் செலவாகின்றது. அளந்து வந்த எண்களைக் கோடுகளாக மாற்றும் வேலை, ஒரே செயலைப் பன்முறை திரும்பச் செய்யும் வேலையாகும். அளவுகோலும் மூலைமட்டமும் இருந்த இடத்தில் இன்று கணிப்பொறி வந்துவிட்டது. ஆயினும், ஒவ்வொரு கோட்டிற்கும் பட்டியலைத் திறந்து கட்டளையைத் தேடி எடுப்போர் பலர். கணிப்பொறி அவர்களுக்கு விலையுயர்ந்த ஓர் அளவுகோலாகவே நின்றுவிடுகின்றது. இக்குறையை நீக்க வல்லவை குறுவிசைகளும் மேக்ரோக்களும் ஆகும்.

எல்லையில் மூன்று மரபுகள்

கேரளத்தின் கிழக்கெல்லையில், தமிழ்நாட்டை ஒட்டியுள்ள மூன்று வட்டங்களை எடுத்துக்கொள்வோம். பாலக்காடு வட்டம் சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதன் அண்டை வட்டமாகிய சித்தூர் கொச்சி அரசிலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் திருவிதாங்கூர் அரசிலும் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று இவை யாவும் கேரள மாநிலத்தில் ஒன்றாயின. ஆட்சி ஒன்றானபோதிலும் பழைய அளவை ஆவணங்கள் அவ்வவற்றின் மரபுப்படியே இருந்தன.

கேரள அரசின் மின்னணு மறு அளவைத் திட்டம் 2022 நவம்பர் 1 அன்று தொடங்கப்பட்டது. செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவிகள் புள்ளிகளின் இருப்பிடத்தை நேரடியாகத் தருகின்றன. புதிய எல்லையும் பழைய எல்லையும் வேறுபடுமிடத்து, பழைய புலப்படத்தை அதே அளவில் திரும்ப வரைந்து ஒப்பிட வேண்டியிருக்கும். அவ்வாறு வரைவதில் நேரும் பிழை, உழவர் ஒருவரின் நிலத்தைக் குறைத்துக் காட்டக் கூடும்.

குறுவிசைகள்

குறுவிசை என்பது நீண்ட கட்டளையை ஓரிரு எழுத்துக்களால் அழைக்கும் வழியாகும். ஆட்டோகேட் மென்பொருளில் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து கோட்டையும், ‘சி’ வட்டத்தையும், ‘ஓ’ இணைகோட்டையும் குறிக்கும். இவை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் வரிவரியாக எழுதப்பட்டுள்ளன. அதில் பயனர் தமக்கு வேண்டியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேகேட், ஃப்ரீகேட் ஆகியவற்றிலும் இவ்வசதி உண்டு.

எவற்றிற்குக் குறுவிசை அமைப்பது? ஒரு நாள் வேலையில் பயன்படும் கட்டளைகளைத் தாளில் எண்ணிக் குறித்தால் விடை தானே கிடைக்கும். மிகுதியாக வருபவற்றை இடக்கை விரல்கள் எளிதில் எட்டும் விசைகளுக்கு அளித்தல் நன்று. வலக்கை சுட்டியின்மீது இருக்கும். இம்முறை புதிதன்று. 1963 இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்து உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்னும் முதல் படவரைவு நிரலிலேயே, ஒளிப்பேனாவால் சுட்டுவதும் பொத்தான்களால் கட்டளையிடுவதும் தனித்தனி வேலைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன.

இரண்டு எச்சரிக்கைகள் இங்குக் கூறத்தக்கவை. பலர் பயன்படுத்தும் கணிப்பொறியில் வழக்கமான குறுவிசைகளை மாற்றலாகாது; புதியவற்றை மட்டும் சேர்த்து, பட்டியலை அருகில் ஒட்டி வைக்க வேண்டும். மேலும், ஊர்ப்பெயர்களைத் தமிழிலோ மலையாளத்திலோ எழுதிய பின் விசைப்பலகையை ஆங்கிலத்திற்கு மாற்ற மறந்தால், எழுத்துக் குறுவிசைகள் இயங்கா. எல்லைப் பகுதி அலுவலகங்களில் இவ்விடர் அடிக்கடி நேரக்கூடியது.

மேக்ரோ

பல கட்டளைகளை ஒரு வரிசையில் கோத்து, ஒரே பெயரால் அழைப்பது மேக்ரோ. ஆட்டோகேட்டில் இதற்கெனவுள்ள ஆட்டோலிஸ்ப் மொழி 1986 இல் அறிமுகமாயிற்று. ஃப்ரீகேட்டில் பைதான் மொழி பயன்படுகின்றது.

சென்னை மரபுப் புலப்படத்தில், இரு கற்களுக்கிடையே ஓர் அடிக்கோடு இருக்கும். அக்கோட்டின் வழியே எவ்வளவு தொலைவு, அங்கிருந்து செங்குத்தாக இடப்புறமோ வலப்புறமோ எவ்வளவு தொலைவு என்பன லிங்க் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். கையால் வரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் துணைக்கோடுகள் இட்டு, அளந்து, பின் அழிக்க வேண்டும். மேக்ரோவோ அடிக்கோட்டின் இரு முனைகளை ஒரு முறை கேட்கும். பின்னர் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு எண்களை மட்டும் கேட்டு, மீட்டராக்கி, புள்ளியை இட்டுக் கோடுகளால் இணைத்துவிடும்.

செயல்களைப் பதிவு செய்து மேக்ரோ அமைக்கும் வசதியும் உண்டு. ஆனால் பதிவில் அன்று வரைந்த புள்ளிகளின் எண்களே நிற்கும். அவற்றை நீக்கி, பயனரிடம் எண்ணைக் கேட்கும் வரிகளை இட்டாலன்றி அது வேறு புலத்திற்கு உதவாது.

பத்துச் சென்ட் சோதனை

மேக்ரோ சரியானதைச் செய்யும் அதே வேகத்தில் தவற்றையும் செய்யும். ஒரு படத்தில் நேரும் கைப்பிழை அப்படத்தோடு நின்றுவிடும். மேக்ரோவில் உள்ள பிழையோ கிராமம் முழுவதும் பரவும். ஆதலால் விடை முன்னரே தெரிந்த ஒரு புலத்தில் அதைச் சோதித்தல் இன்றியமையாதது.

கன்டர் சங்கிலியின் நீளம் 66 அடி. அதில் 100 லிங்க். ஒரு லிங்க் 20.1168 சென்டிமீட்டர். ஓர் ஏக்கர் 1,00,000 சதுர லிங்க் ஆதலால், ஒரு சென்ட் சரியாக 1,000 சதுர லிங்க் ஆகும். அடி 200 லிங்க், உயரம் 100 லிங்க் உடைய முக்கோணத்தின் பரப்பு 10,000 சதுர லிங்க், அதாவது 10 சென்ட். மேக்ரோ வரைந்த முக்கோணத்தின் பரப்பு ஏறத்தாழ 404.69 சதுர மீட்டராக இருத்தல் வேண்டும்.

400 சதுர மீட்டர் என்று வருமாயின், லிங்க் 20 சென்டிமீட்டர் எனக் கொள்ளப்பட்டுள்ளது. இத்தவறு எளிதில் நேரக்கூடியது. ஏனெனில் மெட்ரிக் சங்கிலியில் ஒரு லிங்க் 20 சென்டிமீட்டரே. வேறுபாடு சிறிதாகத் தோன்றினும், ஓர் ஏக்கருக்கு ஒரு சென்ட்டுக்கு மேல் குறைந்துவிடும்.

பரப்பு ஒத்திருப்பது மட்டும் போதாது. இடமும் வலமும் மாறினாலும் பரப்பு மாறாது; எனவே உச்சி எப்பக்கம் உள்ளது என்பதையும் காண வேண்டும். அருகிலுள்ள புள்ளியை ஈர்த்துக்கொள்ளும் ‘ஸ்னாப்’ வசதி இயங்கிக்கொண்டிருந்தால், மேக்ரோ இட்ட புள்ளி இடம் மாறிவிடலாம். ஆகையால் மேக்ரோவின் தொடக்கத்தில் அதை நிறுத்தி, முடிவில் முன்னிருந்தபடியே மீட்டு வைத்தல் வேண்டும்.

சமவெளியும் சரிவும்

சமவெளிக்குப் பொருந்தும் மேக்ரோ மலைக்கு அப்படியே பொருந்தாது. புலப்படம் கிடைத்தள அளவையே காட்டுவது. தேவிகுளம் வட்டத்து வட்டவடை போன்ற படிக்கட்டு வயல் பகுதியில், நாடாவைச் சரிவின்மீது கிடத்தி அளந்தால் நீளம் மிகையாக வரும். 15 பாகைச் சரிவில் 100 மீட்டர் அளந்தால், கிடைத்தளத்தில் அது 96.59 மீட்டரே. இத்தகைய புதிய அளவுகளுக்குச் சரிவுக் கோணத்தையும் கேட்கும் வரியொன்றைச் சேர்க்க வேண்டும். பழைய ஏட்டில் கிடைத்தளமாகவே எழுதப்பட்ட அளவுகளுக்கு இத்திருத்தம் கூடாது. செய்தால் நிலம் இருமுறை குறையும்.

ஆசிரியர்களுக்கு

தொழிற்பயிற்சி நிலையங்களின் படவரைவாளர் வகுப்பிலும், உயர்நிலைப் பள்ளியிலும் இதைப் பயிற்சியாக அமைக்கலாம். மாணவர்கள் முதலில் பத்துச் சென்ட் முக்கோணத்தைத் தாளில் வரைந்து கணக்கிடட்டும். அடுத்துக் கணிப்பொறியில் குறுவிசைகளால் வரையட்டும். இறுதியில் மேக்ரோவை எழுதட்டும். கையால் ஒரு முறை செய்யாத வேலைக்கு மேக்ரோ எழுத முற்படுவோர், அதன் பிழையைக் காண மாட்டார்.

ஒவ்வொரு மேக்ரோவின் முதல் வரிகளிலும் அதன் நோக்கம், கொண்டுள்ள அலகு, சோதித்த நாள் ஆகியவற்றை எழுதி வைத்தல் நல்ல வழக்கமாகும். அலுவலர் மாறினாலும் கோப்பு மாறாது. பின்வருபவர் அதை நம்பியே எல்லைக் கோட்டை வரைவார்.