கட்டைவிரலுக்கு அடங்கும் கால்குலேட்டர்

மளிகைக்கடைக் கல்லா மேல் கிடக்கும் கால்குலேட்டரின் நெற்றியில் கரும்பழுப்பாக ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கும். அதைக் கட்டைவிரலால் மூடி, எண்கள் மங்கி மறைவதைப் பார்த்துச் சிரிக்காத பள்ளிப் பிள்ளை குறைவு. நான்கு கட்டங்களில் ஒன்றை மூடினாலே எண்கள் மங்குகின்றனவே, ஏன் என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

கல்யாண வீட்டு சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் வரிசையே அணைந்துவிடும் அல்லவா? அதே கதைதான். ஒவ்வொரு கட்டமும் ஒரு சூரிய செல்; அது தருவது சுமார் அரை வோல்ட். நான்கையும் தொடராகக் கோத்தால்தான் ஒன்றரை வோல்ட்டைத் தாண்டும். நடுவில் ஒன்று இருட்டானால் மற்ற மூன்றின் மின்னோட்டமும் அங்கே முட்டி நின்றுவிடும்.

இவ்வளவு சொற்ப மின்சாரத்தில் கணக்குப் போட முடிந்ததற்கு எல்சிடி திரைதான் காரணம். 1973இல் ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் அந்தத் திரையோடு கொண்டுவந்த இஎல்-805, ஒற்றை பேட்டரியில் 100 மணி நேரம் ஓடியது. 1976இல் அதே நிறுவனத்தின் இஎல்-8026 வந்தது. அதற்குச் சூரிய செல்கள் முதுகில்! வடகத்தைத் திருப்பிப் போடுவதுபோலக் கவிழ்த்து வைத்து வெளிச்சம் காட்ட வேண்டும்.

அந்தக் காலச் செல்கள் படிகச் சிலிக்கனால் ஆனவை. வெயிலில் சூரர்கள், டியூப் லைட்டில் சோம்பேறிகள். கணக்குப் போடுகிறவரோ அறைக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

இங்கேதான் படிகமாகாத சிலிக்கன் நுழைகிறது. 1976இல் அமெரிக்காவின் ஆர்சிஏ ஆய்வகத்தில் கார்ல்சனும் ரான்ஸ்கியும் அதில் செய்த செல், தன் மேல் விழுந்த ஒளியில் 2.4 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கியது. கூரையில் வைத்தால் கேலிக்கூத்து. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது விரும்பி விழுங்கும். டியூப் லைட் கொடுப்பதும் பெரும்பாலும் அதைத்தான். சான்யோ நிறுவனத்தின் யுகினோரி குவானோ குழு ஒரே கண்ணாடியில் ஒரு மைக்ரானுக்கும் மெல்லிய படலத்தைப் படியவைத்து, கட்டங்களாகப் பிரித்து, அங்கேயே தொடராக இணைத்தது. தனித்தனிச் செல்லை ஒயர் வைத்துப் பற்றவைக்கும் வேலை மிச்சம். 1980இல் அந்தச் செல்களோடு கால்குலேட்டர்கள் கடைக்கு வந்தன. 1983இல் கேசியோவின் எஸ்எல்-800 வெறும் 0.8 மில்லிமீட்டர் தடிமன், 12 கிராம்.

அத்தனை பேர் உழைத்த பட்டைக்கு இன்று வந்த கதி பரிதாபம். மலிவுச் சரக்கு சிலவற்றில் அது வெறும் பழுப்பு பிளாஸ்டிக். ஓடுவது உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியில். பேட்டரி தீர்ந்ததும் குப்பைத்தொட்டி. பேட்டரியும் செல்லும் சேர்ந்த நல்ல கால்குலேட்டரிலும் விரல் வைத்தால் எண் மங்காது என்பதால், விரலை நம்பி எதையும் போலி என்று சொல்லிவிட முடியாது. பின்மூடியின் ஸ்குரூவைக் கழற்றி, பட்டையிலிருந்து இரண்டு ஒயர் கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.