கோணிப்பை வேண்டாமே... பூனைக்கும் ஒரு கேரியர் வாங்குங்கள்!

வீட்டு ஆண் பூனை மண் தட்டில் போய்ப் போய் உட்காருகிறது. முக்குகிறது, கத்துகிறது, சிறுநீர் சொட்டுக்கூட வரவில்லை. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் புகட்டுகிறவர்கள் உண்டு. அது சிறுநீர்ப்பாதை அடைப்பாக இருந்தால், ஓரிரு நாள்களில் உயிரே போய்விடும். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் குடியிருக்கும் குடும்பத்திடம், 'வேப்பேரிக்குக் கொண்டு போங்க' என்று உள்ளூர் மருத்துவர் சொல்லிவிட்டால், 1903-ல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குச் சுமார் 45 கிலோமீட்டர் போயாக வேண்டும்.

எதில் வைத்துக் கொண்டுபோவது?

கேரியர் என்றதும் நமக்குச் சாம்பார், ரசம் ஊற்றும் அடுக்குதான் ஞாபகம் வரும். பூனைக்கென்றும் ஒரு கேரியர் இருப்பது, பலருக்கு ஆஸ்பத்திரி வாசலில் மற்றவர்கள் கையில் பார்க்கும்போதுதான் தெரிகிறது. அதுவரை கோணிப்பை, கட்டைப்பை, துணி கட்டிய காய்கறிக் கூடை. சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தால் போதும், பரம சாதுவான பூனையும் பையைக் கிழித்துக்கொண்டு பாய்ந்துவிடும். புழலிலோ மாதவரத்திலோ வண்டியிலிருந்து குதித்த பூனை திரும்பக் கிடைப்பது அபூர்வம். பிடிக்கப் போனவர் கடிபட்டால், அவருக்கும் ரேபிஸ் தடுப்பூசி போட வேண்டியிருக்கும்.

நம் ஊர்ச் சாலைக்கும் வெயிலுக்கும் ஏற்றது கெட்டியான பிளாஸ்டிக் கேரியர்தான். அதிலும் முன்பக்கக் கதவோடு, மேல்பாதி தனியாகக் கழன்று வருகிற மாதிரி இருப்பதை வாங்குவது நல்லது. பயந்த பூனையை யாரும் காலைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டாம். மேல்மூடியை மட்டும் எடுத்துவிட்டால், அது கீழ்த்தட்டில் படுத்தபடியே இருக்க, மருத்துவர் பரிசோதித்துவிடலாம். சிறுநீர் கழித்துவிட்டாலும் கழுவிக் காயவைப்பது சுலபம்.

துணிப்பை மாடலும் உண்டு. காரில் கொஞ்ச தூரம் போகப் போதும். ஆனால், ஜிப்பைத் தலையால் முட்டித் திறக்கும் கெட்டிக்காரப் பூனைகள் இருக்கின்றன. ஜிப்புக்குக் கொக்கி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கண்ணாடிக் குமிழ் வைத்த முதுகுப்பை போட்டோவுக்கு அழகு, அவ்வளவுதான். பூனைக்குப் பாதங்களைத் தவிர வேறெங்கும் பெரிதாக வியர்க்காது. மே மாத வெயிலில் அந்தக் குமிழுக்குள் என்ன பாடுபடும்? வாயைத் திறந்து மூச்சிரைத்தால், உடனே நிழலில் நிறுத்திக் காற்றுப்பட வைக்க வேண்டும்.

அளவு? உள்ளே நிற்க, திரும்ப, காலை மடக்கிப் படுக்க முடிய வேண்டும். விமானங்களில் விலங்குகளை ஏற்றுவதற்கான சர்வதேச விதியும் இதையேதான் கேட்கிறது. அதற்காகப் பெட்டி போலப் பெரிதாக வாங்கினால், பிரேக் போடும்போதெல்லாம் பூனை உருளும். வாங்கியதும் ஐந்து கிலோ அரிசிப் பையை உள்ளே வைத்துத் தூக்கி, ஆட்டிப் பாருங்கள். கைப்பிடியும் தாழ்ப்பாளும் தாங்குமா என்பது தெரிந்துவிடும். இரண்டு பூனைகள் என்றால் இரண்டு கேரியர். எவ்வளவு ஒட்டி உறவாடினாலும், பயத்தில் ஒன்றையொன்று பிராண்டிவிடும்.

வாங்கியதைப் பரணில் போடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. அவசரத்தன்று இறக்கினால், பார்த்ததுமே பூனை பீரோவுக்கு அடியில் போய்விடும்; அரை மணி நேரம் அங்கேயே போய்விடும். ஹால் மூலையில் கதவைத் திறந்தே வையுங்கள். உள்ளே ஒரு பழைய காட்டன் புடவை. சாப்பாட்டுக் கிண்ணத்தை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி வையுங்கள். சில வாரங்களில் பெரும்பாலான பூனைகள் தாமாகவே அதில் தூங்க ஆரம்பித்துவிடும். அதற்கு நேரமில்லாதபோது, கதவு மேலே வரும்படி கேரியரை நிமிர்த்தி வைத்து, பின்னங்கால்கள் முதலில் போகும்படி மெதுவாக இறக்குங்கள்.

காரில் முன் சீட்டுக்குப் பின்னாலிருக்கும் தரையில் வைக்கலாம். டூவீலர்தான் கதி என்றால், பின்னால் ஒருவர் மடியில் வைத்து இரு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும். ஹூக்கில் மாட்டி ஆட்டிக்கொண்டு போகாதீர்கள். மேலே மெல்லிய துண்டு போர்த்தி, காற்றுத் துளைகளை மட்டும் திறந்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் நாய்கள் சுற்றும் தரையில் வைக்காமல் நாற்காலியில் வையுங்கள்.

வீடு திரும்பியதும், வேறு பூனை இருந்தால் இதைத் தனி அறையில் திறந்துவிடுங்கள். ஆஸ்பத்திரி வாசனையோடு வரும் கூட்டாளியை, அது அன்னியன் என்று நினைத்துச் சீறும். ஒரு ராத்திரி போனால், பழையபடி சேர்ந்துகொள்ளும்.