வெள்ளம் வளர்க்கும் புல்வெளி

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் புகைவண்டி, பொலன்னறுவைக்கு அப்பால் மன்னம்பிட்டியில் மகாவலி கங்கையைக் கடப்பதை நேயர்களிற் பலர் அறிவீர்கள். மலைநாட்டிற் பாறைகளினூடே விரைந்து பாய்ந்த கங்கை அப்பகுதியில் அகன்று, ஆறுதலாக நடக்கின்றது. 335 கிலோமீற்றர் நீளமுள்ள அந்நதியின் இக்கீழ்ப்பகுதியிலே, 17,350 ஹெக்டயர் நிலத்தை 1984ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அரசாங்கம் தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்தது. வெள்ளச் சமவெளித் தேசிய பூங்கா என்பது அதன் பெயர். வனசீவராசிகள் திணைக்களம் அதனைப் பராமரித்து வருகின்றது. தெற்கே வஸ்கமுவக் காடுகளுக்கும் வடக்கே சோமாவதியக் காடுகளுக்கும் இடையில் யானைகள் போய்வருவதற்கு இதுவே வழியாகும்.

வெள்ளத்தின் பெயரால் ஒரு பூங்காவா என நீங்கள் வியக்கலாம். மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை பொழியும்போது கங்கை கரைபுரளும். அந்நீர், முன்னாளில் நதி ஓடிக் கைவிட்ட தடங்களிலும் பள்ளங்களிலும் சென்று தேங்கும். அவ்விடங்களை வில்லு என்பர். வில்பத்து என்னும் பெயரால் இச்சொல் நமக்குப் பழக்கமானதே; ஆயினும் அங்குள்ள வில்லுகள் பெரும்பாலும் மழையை நம்பியவை, இவையோ ஆற்றை நம்பியவை.

மழை ஓய்ந்தபின் நீர் மெல்ல மெல்ல வற்ற, வெள்ளம் விட்டுச்சென்ற வண்டலில் இளம்புல் தழைக்கும். ஆடி, ஆவணியிற் சுற்றுப்புறமெங்கும் புல் கருகிக் கிடக்கையில், வில்லோரத்தில் மாத்திரம் பசுமை நிற்கும். நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் தீனி தேடவேண்டிய யானைக்கு அஃது எத்துணைப் பெரிய விருந்து!

இப்பூங்கா மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் பிள்ளை. வயலுக்கும் குடியேற்றத்துக்குமாகக் காடு அழிந்தமையால், விலங்குகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களுள் இதுவும் ஒன்று. ஆனால் அதே திட்டத்தின்படி, 1980களில் விக்டோரியா, ரந்தெனிகல முதலிய பேரணைகள் மேலே எழுந்தன. அதற்கு முன்னரே, 1976இல், பொல்கொல்லையில் கங்கைநீரின் ஒரு பகுதி திருப்பப்பட்டுவிட்டது. ஒரு கை கொடுத்ததை மறு கை சிறிது சிறிதாக எடுத்துக்கொள்கின்றது என்றே சொல்லத் தோன்றுகின்றது. வெள்ளம் தணிவது கரையோர உழவனுக்குப் பெரும் ஆறுதல். அதனை எவரும் குறைகூற முடியாது. எனினும் வெள்ளம் எட்டாத வில்லிற் புல் குன்றும், புதர் மண்டும். பசித்த யானை அப்பொழுது இருளில் ஆற்றைக் கடந்து, அதே உழவனின் வயலுக்கு வருகின்றது.