கதவுகளை அடுக்கி அறுவை சிகிச்சை

தெற்கு சூடானின் பூஞ்ச் நகரம். 2011-இல் டாக்டர் எவான் அட்டார் அடஹா அங்கு வந்து சேர்ந்தபோது இருந்தது, கைவிடப்பட்ட ஒரு சுகாதார நிலையம் மட்டுமே. ஆபரேஷன் மேசை இல்லை. கதவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார், அதுவே மேசையானது.

அதற்கு முன் சூடானின் குர்முக் நகரில் அவர் நடத்திவந்த மருத்துவமனையைப் போர் காலி செய்ய வைத்தது. ஊழியர்களையும் கருவிகளையும் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, சுமார் ஒரு மாதம் பயணம் செய்து எல்லை தாண்டினார். பூஞ்சில் அவர் உருவாக்கிய மருத்துவமனையோ, 2018 வாக்கில் 2 லட்சத்துக்கும் அதிகமான மக்களுக்கு நம்பிக்கையாக இருந்தது. அகதிகளும் உள்ளூர்க்காரர்களும் ஒரே வரிசையில் காத்திருந்தார்கள். அப்போது எக்ஸ்ரே கருவி பழுது, முழு மயக்கம் கொடுக்க வசதியில்லை. அப்படியும் வாரத்துக்குச் சராசரியாக 58 அறுவை சிகிச்சைகள்! இந்த மனிதரின் உழைப்பு வியக்கவைக்கிறது.

2018-இல் ஐ.நா. அகதிகள் ஆணையம் தனது நான்சென் அகதிகள் விருதை அவருக்கு வழங்கியது.

விருதுக்குப் பெயர் தந்த நார்வேக்காரரான ஃபிரிட்ஜாஃப் நான்சென் துருவப் பகுதிகளை ஆராய்ந்த சாகசக்காரர். 1921-இல் உலக நாடுகள் சங்கத்தின் முதல் அகதிகள் ஆணையரானார். நாடிழந்த ரஷ்யர்களுக்காக அவர் கொண்டுவந்த 'நான்சென் பாஸ்போர்ட்' லட்சக்கணக்கானோருக்கு எல்லைகளைத் திறந்துவிட்டது. இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கியும் அதை வைத்திருந்தவர்தான். 1922-இல் நான்செனுக்கு அமைதி நோபல் கிடைத்தது.

அவர் பெயரிலான விருது 1954-இல் தொடங்கியது. முதலில் பெற்றவர் எலினோர் ரூஸ்வெல்ட். பிரபலங்களைத் தாண்டி, அட்டார் போல முகாம்களுக்குப் பக்கத்திலேயே கிடந்து உழைப்பவர்களையும் இவ்விருது தேடிச் செல்வதுதான் இதன் பெருமை.