இயங்கும் கணினியில் அடைவுச் சீரமைப்பு

தமிழ் பயின்றோர்க்கு ‘அடைவு’ என்னும் சொல் புதிதன்று. சொல்லடைவும் பாட்டு முதற்குறிப்பு அடைவும் இல்லாத பதிப்பை நாம் நிறைவான பதிப்பாகக் கொள்வதில்லை. கணினித் துறையினர் இச்சொல்லை ஏற்று, கோப்புகள் தங்கும் இடத்திற்குப் பெயராக்கினர். பொருள் சற்றே திரிந்ததெனினும், எது எங்கே உள்ளது என்பதைத் தவறாது காட்டும் கடமை இரண்டிற்கும் ஒன்றே. அவ்வடைவின் அமைப்பே பிழைபட்டால், இயங்கிக்கொண்டிருக்கும் கணினியில் அதனை எங்ஙனம் திருத்துவது? லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஜென்டூ இயங்குதளத்தில் 2017 இறுதியில் சோதனையாகத் தொடங்கி, 2019 ஜூனில் பொதுவாக்கப்பட்ட சீரமைப்பு இதற்குத் தக்க சான்று.

பல நிரல்களுக்கும் பொதுவான பகுதிகளைத் தொகுத்து வைத்திருப்பது நிரல் நூலகம். 64 பிட் கணினியில் ஈரினத்து நிரல்கள் இயங்குவதால் நூலகங்களும் ஈரினமாயின. ஜென்டூவில் 64 பிட் நூலகங்கள் ‘லிப்64’ அடைவிலும், 32 பிட் நூலகங்கள் ‘லிப்32’ அடைவிலும் இருந்தன. எஞ்சிய ‘லிப்’ உண்மையான அடைவன்று. சிம்லிங்க் எனப்படும் சுட்டு இணைப்பு. சுட்டுப்பெயர் தானே பொருளாகாது பொருளைக் காட்டி நிற்பதுபோல, அது லிப்64-ஐக் காட்டி நின்றது. ஆகவே ஒரே கோப்பிற்கு இரு முகவரிகள் ஏற்பட்டன. இரு மென்பொருள்கள் வெவ்வேறு முகவரிகளில் ஒரே பெயருடைய கோப்பை வைப்பின், ஒன்று மற்றொன்றை அழித்துவிடும். மேலும், லினக்ஸ் உலகின் பொது மரபுப்படி 32 பிட் நூலகங்களுக்கு உரிய இடம் லிப் என்பதே. எனவே சுட்டை நீக்கி, லிப்-ஐ மெய்யான அடைவாக்குவதென அவர்கள் முடிவு செய்தனர்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இப்பணியில் ஆபத்து மறைந்திருந்தது. கணினி மொழியியலில் ஈடுபாடுடைய ஆய்வு மாணவர் ஒருவர், சுட்டைத் தம் கையாலேயே அழித்து, அவ்விடத்தில் வெற்று அடைவொன்றை அமைத்தார். மறுமுறை இயக்கியபோது கணினி எழவில்லை. கருவிகளை இயக்கும் கருனி நிரற்கூறுகளைக் கணினி லிப் அடைவில் தேடுகிறது. அவையோ லிப்64-இல் கிடந்தன. ஆய்வேட்டின் மூன்று இயல்கள் அதே வட்டில் இருந்தன. வேறொரு குறுந்தகட்டால் கணினியை எழுப்பி அவற்றை மீட்கும்வரை அவர் உண்ணவுமில்லை, உறங்கவுமில்லை. கோப்பு ஒன்றும் அழியவில்லை என்பதை நோக்குக. இருந்த இடத்திலேயே அனைத்தும் இருந்தன. கேட்ட இடத்தில்தான் இல்லை.

இவ்விடர் நேராதிருக்க மிஹாவ் குர்னி என்னும் ஜென்டூ நிரலாளர் ‘அன்சிம்லிங்க்-லிப்’ என்ற கட்டளைவரிக் கருவியை எழுதினார். அதன் சிறப்பு வேகமன்று, ஒழுங்கு. முதற்கட்டளை ‘அனலைஸ்’. இது எதனையும் நகர்த்துவதில்லை. எந்தக் கோப்பு எந்த மென்பொருளுக்கு உரியது, அம்மென்பொருள் அதனை லிப்-இல் வைத்ததா லிப்64-இல் வைத்ததா என்பதை நிறுவல் பதிவேட்டிலிருந்து அறிந்து பட்டியலிடும். எம்மென்பொருளுக்கும் உரிமையற்ற கோப்புகளைத் தனியே காட்டும். அவற்றைப் பற்றிக் கருவி அறியாது, உரியவரே ஆராய வேண்டும். பலரும் இப்பட்டியலைப் படியாமல் கடந்துவிடுகின்றனர். அது பெரும் பிழை.

ஆய்வுக்கும் அடுத்த கட்டத்திற்கும் இடையில் புதிதாக எதையும் நிறுவலாகாது. இருப்புச் சரிபார்ப்பு நடக்கையில் நூலகத்தில் நூல் வழங்குவதில்லை அல்லவா? மாறுதல் செய்ய நேர்ந்தால் ஆய்வை மீண்டும் நடத்தல் வேண்டும். கோப்புகள் அனைத்திற்கும் காப்புப்படி எடுத்துக்கொள்ளத் தக்க நேரமும் இதுவே.

அடுத்தது ‘மைக்ரேட்’. இதனோடு ‘ப்ரிடென்ட்’ என்னும் சொல்லைச் சேர்த்தால், செய்யப்போவதைச் சொல்லுமேயன்றிச் செய்யாது. உண்மையாக ஏவும்போது, லிப்-க்குரிய கோப்புகளைப் புதிய அடைவில் படியெடுத்து, சுட்டை அகற்றி, அவ்வடைவை அதன் இடத்தில் நிறுத்தும். லிப்64-இல் உள்ள மூலங்களை இப்போது தொடுவதில்லை. இவ்விரட்டிப்பால் வட்டில் இடம் வீணாகிறதே எனலாம். அந்த வீண்தான் பாதுகாப்பு. கணினியை மீண்டும் இயக்கி, இன்றியமையாத நிரல்கள் இயங்குகின்றனவா எனச் சோதித்தல் வேண்டும். பழுது கண்டால் ‘ரோல்பேக்’ என்னும் கட்டளை பழைய சுட்டை மீளவும் நிறுவும்.

எல்லாம் செவ்வனே இயங்குவதைக் கண்ட பின்னரே ‘பினிஷ்’ கட்டளை. லிப்64-இல் எஞ்சிய வேண்டாப் படிகளை நீக்குவது இதுவே. இதன்பின் திரும்பும் வழியில்லை. திரும்பவியலாத செயலை இறுதியில், தனிக் கட்டளையாக வைத்தமையே இக்கருவியின் நுட்பம் என்பது என் கருத்து. நகர்த்துதலையும் அழித்தலையும் ஒரே மூச்சில் செய்யும் கருவிகளும் உள்ளன. அவற்றை யான் விரும்புவதில்லை.

பின்னர் 17.1 என்னும் புதிய அமைப்புக் குறிப்பிற்கு மாறி, நிரல்களை ஆக்கும் அடிப்படைக் கருவிகளையும் 32 பிட் நூலகங்களையும் மீண்டும் உருவாக்குதல் வேண்டும். மெதுவான கணினியில் இது பல மணி நேரம் ஆகும். 2024 மார்ச்சில் 23.0 குறிப்பு வந்தமையால், இன்று புதிதாக நிறுவுவோர்க்கு இப்படிகள் தேவையில்லை. பழைய கணினிகளிலோ, 32 பிட் நூலகங்கள் யாவும் லிப் அடைவில் குடியேறிய பின்னரே லிப்32 என்ற பெயர் நீக்கப்பட்டது.