பேச்சில் வரும் சிறு சொற்கள்

மக்கள் இயல்பாகப் பேசும் பேச்சைச் சொல்லுக்குச் சொல் ஏட்டில் எழுதிப் பார்த்தால் வியப்பு உண்டாகும். "நான் வந்து, நேற்றுக் கடைத்தெருப் பக்கம் போனேனா, அங்கே பார்த்தீர்களா, நம்ம இவர் இருக்கிறாரே, அவர் வந்து, நின்றுகொண்டிருந்தார்" என்று ஒருவர் கூறுகிறார். இதன் பொருளோ, 'நேற்றுக் கடைத்தெருவில் அவரைக் கண்டேன்' என்னும் அளவே. 'வந்து' என்ற சொல் இருமுறை வந்திருந்தும், வருகை எதனையும் அது குறிக்கவில்லை. 'பார்த்தீர்களா' என்ற வினாவும் விடையை எதிர்பார்த்து எழுந்ததன்று. அப்படியானால் இச்சொற்கள் வீண்சொற்களா? வீணாயின், கற்றோரும் கல்லாரும் இவற்றை நாள்தோறும் வழங்குவது ஏன்?

இவ்வினாவிற்கு விடை காண ஏற்ற இடங்களுள் ஒன்று காயல்பட்டினம். தாமிரபரணி கடலொடு கலக்கும் இடத்திற்குத் தெற்கே, திருச்செந்தூருக்கு வடக்கே, மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்த பழைய ஊர் இது. முன்னர்த் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 1986-ஆம் ஆண்டு முதல் தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. இவ்வூர் வணிகர் பலர் கொழும்பு, மலாய் நாடு, ஹாங்காங் முதலிய இடங்களுக்குச் சென்று தொழில் நடத்தினர். அதனால், வீட்டில் தமிழும் வாணிகத்தில் ஆங்கிலமும் பிற மொழிகளும் பேசும் குடும்பங்கள் இங்குப் பல. ஒரு மொழியின் சிறு சொற்கள் மற்றொரு மொழியில் எவ்வாறு மாறுகின்றன என்பதை இத்தகைய ஊரார் தம் வாழ்விலேயே காண்கின்றனர்.

பேசுகிறவன் அடுத்து வரும் சொல்லைத் தேடும்பொழுது சிறிது நேரம் வேண்டும். அப்பொழுது அவன் வாளா இருந்தால், பேச்சு முடிந்ததென்று எண்ணிக் கேட்பவன் பேசத் தொடங்கிவிடுவான். 'அது வந்து' என்ற தொடர், 'இன்னும் முடியவில்லை, சற்றுப் பொறுங்கள்' என்று சொல்லாமற் சொல்கிறது. 'அவர் வந்து ஒரு மருத்துவர்' என்னும்பொழுது, இதுவரை கூறியது யாரைப் பற்றி என்பதையும், இனிக் கூறப்போவது என்ன என்பதையும் 'வந்து' பிரித்துக் காட்டுகிறது. கடன் கேட்டவரிடம் இல்லையென்று சொல்ல நேர்ந்தவர், "அது வந்து..." என்று தயங்குகிறார். அத்தயக்கமே மறுப்பின் கடுமையைக் குறைக்கிறது. கேட்டவரும் குறிப்பறிந்துகொள்கிறார்.

கேட்பவனுக்கும் இத்தகைய சொற்கள் உண்டு. பாட்டி கதை சொல்லும்பொழுது குழந்தைகள் 'உம்' கொட்ட வேண்டும் என்பது தமிழ்நாட்டு வழக்கம். 'உம்' நின்றால் கதையும் நின்றுவிடும். தொலைபேசியில் இதன் அருமை நன்கு விளங்கும். கடல்கடந்த நாட்டில் இருக்கும் மகனோடு காயல்பட்டினத்து உம்மா பேசுகிறார். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. மகனுடைய 'உம்' சிறிது நேரம் கேட்கவில்லையெனில், "கேட்கிறதா?" என்று அவர் பதறுகிறார். பொருளற்றதென எண்ணிய அவ்வோர் ஒலியே, 'நான் இங்கே இருக்கிறேன். நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன்' என்ற செய்தியைத் தாங்கி நின்றது.

பழந்தமிழ் இலக்கண நூலார் இச்சொற்களைக் காணாது விட்டாரல்லர். தொல்காப்பியர் இடைச்சொற்களின் வகைகளைக் கூறுமிடத்து, அசைநிலை, இசைநிறை என்னும் இரண்டனையும் தனித்தனியே வைத்தார். தமக்கெனப் பொருளின்றிப் பிற சொற்களைச் சார்ந்து நிற்பன அசைநிலை. செய்யுளின் ஓசையை நிறைத்து நிற்பன இசைநிறை. மியா, இக, மோ, மதி, இகும், சின் என்னும் ஆறும் முன்னிலையில் வரும் அசைச்சொற்கள் என்று அவர் வகுத்தார். இவை இன்று பேச்சில் இல்லை. ஆயினும், கண்டீர், கொண்டீர், கேட்டை, கண்டை முதலிய வினைச்சொற்களும் அசைநிலையாக வரும் என்று எச்சவியலில் அவர் கூறியிருப்பது எண்ணத்தக்கது. 'பார்த்தீர்களா', 'கேட்டாயா' என்று இன்று மக்கள் பேச்சினிடையே வழங்குவனவும் அவ்வினத்தைச் சேர்ந்தனவே. சொற்கள் மாறின, வழக்கம் மாறவில்லை.

ஆங்கிலம் பேசுவோர் 'யூ நோ' என்றும், 'ஐ மீன்' என்றும், 'வெல்' என்றும் இடையிடையே கூறுவர். 'உமக்குத் தெரியும்' என்பது 'யூ நோ' என்பதன் நேர்ப்பொருள். ஆனால், கேட்பவர்க்குத் தெரியாத செய்தியைச் சொல்லும்பொழுதும் அதனை வழங்குவர். கேட்பவரைத் தம்மோடு இணைத்துக்கொள்வதே அதன் நோக்கம். 'வெல்' என்பது மறுப்பிற்கு முன் வரும்பொழுது, தமிழில் 'அது வந்து' செய்யும் தொழிலையே செய்கிறது.

தமிழில் 'இல்லையா' என்று கூறி உடன்பாடு வேண்டுவது எளிது. "அவர் வருகிறார், இல்லையா?" "அவர்கள் வருகிறார்கள், இல்லையா?" என எவ்விடத்தும் அஃது ஒரே வடிவில் நிற்கும். ஆங்கிலத்திலோ, முன்னது 'இஸின்ட் ஹீ' என்றும், பின்னது 'ஆரின்ட் தே' என்றும் பெயருக்கேற்ப மாறும். தமிழர் பலர் 'இல்லையா' என்ற நினைவோடு எல்லா இடத்திலும் 'இஸின்ட் இட்' என்று சொல்லிவிடுவது இதனாலேயே. தாய்மொழியின் சிறு சொல்லே பிறமொழிப் பேச்சில் வேற்றுருவங் கொண்டு தலைகாட்டுகிறது.

பெயர்க்கு மாற்றாக வரும் சொற்களும் இவ்வாறே சிறியன. இவற்றின் பணியோ பெரிது. மழை பெய்வதை ஆங்கிலத்தார் 'இட் இஸ் ரெயினிங்' என்பர். அங்கு 'இட்' என்பது எப்பொருளையும் சுட்டுவதில்லை. எழுவாயின் இடத்தை நிரப்பவே வருகிறது. தமிழில் 'மழை பெய்கிறது' என்றால் போதும். ஆனால் தமிழர் வேறோரிடத்தில் சுட்டுப்பெயரைக் கொண்டு இடம் நிரப்புகின்றனர். பொருளின் பெயர் நினைவுக்கு வராதபொழுது, "அந்த இதை எடுத்து அதிலே வை" என்பர். அயலார்க்கு இது விளங்காது. ஒரே வீட்டில் வாழ்வோர்க்கோ எது 'இது', எது 'அது' என்பதில் ஐயமே இராது. கூடி வாழ்ந்த வாழ்க்கையே அங்குச் சொல்லின் குறையை நிரப்புகிறது.

தமிழின் மாற்றுப்பெயர்களுள் தனிச்சிறப்புடையவை 'நாம்', 'நாங்கள்' என்னும் இரண்டும். ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் 'வீ' என்ற ஒரு சொல்லே உண்டு. காலை உணவு உண்பதைக் காயல்பட்டினத்தார் பசியாறுதல் என்பர். ஒரு வீட்டில் விருந்தினர் அமர்ந்திருக்க, வீட்டார், "நாம் பசியாறலாம்" என்றால் விருந்தினரும் எழுந்து கைகழுவுவார். "நாங்கள் பசியாறப் போகிறோம்" என்றாலோ, அவர் விடைபெற்றுக்கொண்டு புறப்படுவார். ஒருவரை உள்ளே அழைப்பதும் வெளியே நிறுத்துவதும் இச்சிறு வேறுபாட்டினுள் அடங்கியுள்ளன.

இவ்வேறுபாட்டை நன்னூலார் வினைமுற்றின் விகுதிகளிலும் கண்டார். அம், ஆம் என்னும் விகுதிகள் முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் என்பன படர்க்கையாரையும் தன்மையோடு சேர்த்துக்கொள்ளும் என்பது அவர் விதி. திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் ஒப்பிலக்கண நூலில், இவ்விருவகைத் தன்மைப் பன்மையைத் திராவிட மொழிகளின் சிறப்பியல்புகளுள் ஒன்றாக எடுத்துக்காட்டினார். தெலுங்கர் 'மனமு' என்றும் 'மேமு' என்றும் கூறுவர். திராவிட இனத்தைச் சாராத மலாய் மொழியிலும், கேட்பவரைச் சேர்த்துச் சொல்ல 'கித்தா' என்றும், விலக்கிச் சொல்ல 'காமி' என்றும் இரு சொற்கள் உள்ளன. மலாய் நாட்டுக்குச் சென்ற தமிழ் வணிகர்க்கு இப்பகுதி எளிதாகவே இருந்திருக்கும்.

முன்னிலைச் சொற்களிலும் ஒரு வரலாறு உண்டு. முன்னாளில் 'நீ' ஒருமைக்கும், 'நீர்' பன்மைக்கும் வழங்கின. பின்னர் ஒருவரை உயர்த்திக் கூறப் பன்மைச் சொல்லாகிய 'நீர்' வந்தது. அதற்கும் மேலாக 'நீங்கள்' நின்றது. நெல்லைப் பகுதியில் மூன்றும் மூன்று படிகளாக இன்றும் வழங்குகின்றன. சிறுவனை "நீ வா" என்பர். ஒத்த வயதினரை "நீர் வாரும்" என்பர். மூத்தோரை "நீங்கள் வாருங்கள்" என்பர். ஆங்கிலத்திலும் 'தௌ' என்ற ஒருமைச் சொல் ஒரு காலத்தில் இருந்தது. 'யூ' பன்மைக்கு உரியது. மதிப்புக் கருதி ஒருவரையும் 'யூ' என்று அழைக்கத் தொடங்கினர். காலப்போக்கில் பன்மை ஒருமையைப் பொதுப் பேச்சினின்றும் அகற்றிவிட்டது. அதனால், ஆங்கிலத்தில் மன்னர்க்கும் மழலைக்கும் 'யூ' ஒன்றே.

தமிழர் மதிப்பைக் காட்ட உறவுப்பெயரையும் துணையாகக் கொள்வர். நெல்லையில் அறியாத ஒருவரையும் 'அண்ணாச்சி' என்றழைப்பர். காயல்பட்டினத்தில் உடன்பிறந்த மூத்தவன் 'காக்கா'; அச்சொல்லாலேயே வயதில் மூத்த பிறரையும் அழைப்பர். "காக்கா எப்பொழுது வந்தீர்கள்?" என்னும் வினாவில் அன்பும் மதிப்பும் ஒருங்கே அமைகின்றன.

எனினும், எல்லாவற்றிற்கும் அளவும் இடமும் உண்டு. பயனில சொல்லாமை என்று ஓர் அதிகாரமே திருக்குறளில் அமைந்துள்ளது. எழுத்தில் 'வந்து' என்ற அசைக்கு இடமில்லை. எழுதுகிறவனுக்குச் சிந்திக்க நேரம் உண்டு, இடைமறிப்பாரும் இல்லை. மேடையில் சொல்லுக்குச் சொல் 'அதாவது' என்பவன் கேட்போரைச் சோர்வுறச் செய்வான். இருவர் எதிரெதிர் இருந்து உரையாடும்பொழுதோ, அசைச்சொற்களை அடியோடு நீக்கியவன் பேச்சு ஆணை இடுவதுபோல் ஒலிக்கும். அச்சின்றித் தேர் ஓடாது. அச்சே தேரும் ஆகாது.

ஆதலின், பேச்சிற் சிறு சொல் வழங்குவாரைக் கண்டு நகைத்தல் தகாது. அது கல்லாமையின் அடையாளமும் அன்று. அச்சொல் கேட்பவருக்கு என்ன செய்கிறது என்பதையே நோக்குதல் வேண்டும். வகுப்பிற்குப் புதிதாக வந்து, ஓரமாக நிற்கும் மாணவனின் செவியில் 'நாங்கள் விளையாடப் போகிறோம்' என்பது ஒரு வகையாகவும், 'நாம் விளையாடப் போகிறோம்' என்பது வேறொரு வகையாகவும் விழும். இரண்டனுள் எதனைச் சொல்வது என்பது சொல்பவர் கையில் உள்ளது.