வாரம் 51 டாலர் 73 சென்ட்

அமெரிக்காவின் தென்கிழக்கில் தென் கரோலினா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. 2003-ம் ஆண்டு ஜூன் மாதம், அங்கே ஒரு குடும்பக் கோர்ட்டு ஒரு தகப்பனுக்கு உத்தரவு போட்டது. குழந்தையின் செலவுக்காக அவன் வாரந்தோறும் 51 டாலர் 73 சென்ட் கட்ட வேண்டும் என்பதே உத்தரவு.

நாம் ஜீவனாம்சம் என்கிறோமே, அது மாதிரிதான். ஆனால் இது மனைவிக்கு அல்ல. பிள்ளையின் சாப்பாட்டுக்கு, துணிமணிக்கு, மருந்துக்கு.

அவன் ஒழுங்காகக் கட்டவில்லை. 3 ஆண்டுகளில் 5 முறை கோர்ட்டு அவமதிப்புக் குற்றத்துக்கு ஆளானான். முதல் 4 முறையும் 90 நாள் ஜெயில் என்று தீர்ப்பாயிற்று. எப்படியோ பணத்தைப் புரட்டிக் கட்டித் தப்பினான். இரண்டு முறை ஜெயிலுக்குப் போகாமலே கட்டினான். இரண்டு முறை இரண்டு மூன்று நாள் உள்ளே இருந்து விட்டுக் கட்டினான். ஐந்தாம் முறை கட்ட முடியவில்லை. 6 மாதமும் ஜெயிலில் கிடந்தான்.

வெளியே வந்தான். பாக்கி அப்படியே இருந்தது. மறுபடியும் நோட்டீசு வந்தது!

2008-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி விசாரணை. அவனுக்கு வக்கீல் இல்லை. குழந்தையின் தாய்க்கும் வக்கீல் இல்லை. கோர்ட்டு குமாஸ்தா கணக்கைப் பார்த்தார். பாக்கி 5,728 டாலர் 76 சென்ட் என்று சொன்னார்.

சொல்ல வேண்டியது ஏதேனும் உண்டா என்று நீதிபதி கேட்டார். அவன் மறைக்கவில்லை. ஜெயிலை விட்டு வந்ததும் மறுபடி போதைப் பழக்கத்தில் விழுந்ததைச் சொன்னான். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொஞ்சம் கட்டியதைச் சொன்னான். கடைசியில் வேலை கிடைத்தபோது முதுகெலும்பு முறிந்ததைச் சொன்னான். ஊனமுற்றோர் உதவிப் பணத்துக்கு மனுப் போட்டிருப்பதையும் சொன்னான்.

12 மாதம் ஜெயில் என்றார் நீதிபதி. சில நிமிடங்களில் விசாரணை முடிந்து விட்டது.

தண்டனைப் படிவத்தில் ஒரு வரி உண்டு. கட்டுவதற்கு அவனுக்குச் சக்தி இருக்கிறதா, இல்லையா என்று குறிக்க வேண்டிய இடம் அது. அந்த இடம் காலியாகவே இருந்தது.

குமாஸ்தாவின் பட்டியல்

குமாஸ்தா என்றதும், மேஜை ஓரத்தில் உட்கார்ந்து கட்டுக் காகிதத்தைப் புரட்டும் ஓர் ஆளை நினைத்துக் கொள்ளாதீர்கள். தென் கரோலினாவில் கோர்ட்டு குமாஸ்தா பெரிய பதவி. மாவட்டத்து மக்கள் ஓட்டுப் போட்டு அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 4 ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல்! மாநிலத்தில் 46 மாவட்டங்கள். மாவட்டத்துக்கு ஒரு குமாஸ்தா.

பிள்ளைச் செலவுப் பணத்தைத் தகப்பன்மார் அந்தக் குமாஸ்தாவின் ஆபீசில்தான் கட்டி வந்தார்கள். அவர் ரசீது போடுவார். வரவு வைப்பார். தாய்க்கு அனுப்பி வைப்பார். மாதம் ஒரு முறை கணக்கை முழுவதும் பார்ப்பார். 5 நாளுக்கு மேல் பின்தங்கிய பெயர்களைத் தனியே எழுதுவார். ஏன் உன்னைத் தண்டிக்கக் கூடாது என்று காரணம் கேட்டு அவர்களுக்கு நோட்டீசு போகும்.

இதில் நன்மை உண்டு. தாய் வக்கீல் வைக்க வேண்டியதில்லை. கோர்ட்டுப் படியேறி அலைய வேண்டியதில்லை. கணக்கே வழக்குத் தொடுத்து விடும்.

கெடுதலும் உண்டு. அந்தக் கணக்குக்கு ஒரு விஷயம்தான் தெரியும். பணம் வந்ததா, வரவில்லையா! ஏன் வரவில்லை என்று அதற்குத் தெரியாது.

கையில் காசை வைத்துக் கொண்டு ஒளிக்கிறவன் ஒரு ரகம். முதுகெலும்பு முறிந்து படுத்திருப்பவன் இன்னொரு ரகம். பட்டியலில் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். பெயர், பாக்கித் தொகை. அவ்வளவுதான்.

மேலே சொன்ன தகப்பனின் வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. 2011-ம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் 5 பேர் ஒரு பக்கம், 4 பேர் ஒரு பக்கம். இப்படிப்பட்ட வழக்கில் சர்க்கார் செலவில் வக்கீல் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை என்றது கோர்ட்டு. ஆனால் கட்டுவதற்குச் சக்தி உண்டா என்று கேட்டுத் தெரிந்து கொள்ளாமல் ஜெயிலில் போட்டது தவறு என்றும் சொல்லிற்று. வரும்படி விவரத்தைக் கேட்டுப் படிவம் கொடுக்க வேண்டும். பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். சக்தி உண்டு என்று தீர்மானித்த பிறகே தண்டிக்க வேண்டும்.

தீர்ப்பு வருவதற்கு முன்பே அவன் 12 மாதத்தையும் ஜெயிலில் கழித்து விட்டான்.

20 நாள்

இனி தாயின் பக்கம் வருவோம். இரக்கம் முழுவதையும் தகப்பனுக்கே கொடுத்து விட்டால், பிள்ளைக்குப் பால் யார் வாங்குவது?

ஒரு தாய் இருக்கிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். பிள்ளையின் தகப்பன் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி உத்தரவு போகிறது. மறு வாரமே அவன் வேலையை விட்டு விடுகிறான்! வேறு மாநிலத்துக்குப் போய் ஒரு கிடங்கில் சேர்ந்து கொள்கிறான். அமெரிக்காவில் 50 மாநிலங்கள். எங்கே போய்த் தேடுவாள் அவள்?

முன்பெல்லாம் தேட வழி இல்லை. கோர்ட்டு உத்தரவை மடித்துப் பெட்டியில் வைத்துக் கொள்ள வேண்டியதுதான்.

1975-ம் ஆண்டு ஜனாதிபதி ஃபோர்டு ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பிள்ளைச் செலவுப் பணத்தை வசூலிக்க மத்திய சர்க்காரில் தனி இலாகா ஏற்பட்டது அப்போதுதான். பிறகு 1984-ம் ஆண்டிலும், 1988-ம் ஆண்டிலும் சட்டத்தை இறுக்கினார்கள். சம்பளத்திலேயே பிடித்து விடும் முறை வந்தது. ஆனாலும் ஆளைக் கண்டு பிடிப்பது பெரும்பாடாகவே இருந்தது.

1996-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி ஜனாதிபதி கிளின்டன் கையெழுத்துப் போட்ட சட்டம்தான் பெரிய மாறுதலைச் செய்தது.

புதிதாக ஓர் ஆளை வேலைக்குச் சேர்த்தால், முதலாளி 20 நாளுக்குள் மாநில சர்க்காருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். பெயர், விலாசம், ஒவ்வொருவருக்கும் சர்க்கார் கொடுத்திருக்கும் 9 இலக்க எண். இந்தத் தகவல் தேசம் முழுவதற்கும் உள்ள ஒரே ஏட்டில் போய்ச் சேருகிறது. இன்னொரு ஏட்டில், பிள்ளைச் செலவு வழக்கில் உள்ளவர்களின் பெயர்கள் இருக்கின்றன. இரண்டு ஏட்டையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கிறது. எண் பொருந்தினால் போதும். கிடங்கு முதலாளிக்கு உத்தரவு போய் விடுகிறது!

சம்பளம் கொடுத்த 7 வேலை நாளுக்குள் முதலாளி பணத்தை அனுப்ப வேண்டும். மாநிலத்தின் பணப் பட்டுவாடா ஆபீசு அதை 2 வேலை நாளுக்குள் தாய்க்கு அனுப்ப வேண்டும். சம்பளம் முழுவதையும் பிடித்து விட முடியாது. வரி போகக் கையில் வருவதில் பாதிக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று ஒரு கணக்கு. அவனுக்கு வேறு குடும்பம் இல்லை, நெடுநாள் பாக்கி என்றால் 100-க்கு 65 வரை போகலாம். அவனும் சாப்பிட வேண்டுமே.

வசூலாகும் பணத்தில் பெரும்பகுதி இப்படிச் சம்பளத்தில் பிடித்ததுதான். ஜெயிலைக் காட்டி மிரட்டி வருவது கொஞ்சமே. இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

பாங்கிக் கணக்குகளையும் 3 மாதத்துக்கு ஒரு முறை ஒப்பிடுகிறார்கள். பாக்கி 2,500 டாலரைத் தாண்டி விட்டால் பாஸ்போர்ட்டு கிடையாது.

அனாமத்துக் கணக்கு

எல்லாம் சரியாகி விட்டது என்று நினைக்க வேண்டாம். பணம் கட்டும் இடம் மாறிற்று. அதனால் புதிய தொல்லை பிறந்தது.

முன்பு பணம் குமாஸ்தாவின் கையில் வந்தது. ஆகவே கணக்கும் அவரிடமே இருந்தது. 1996-ம் ஆண்டுச் சட்டப்படி, பணம் மாநிலத்துக்கு ஒரே ஆபீசில் கட்ட வேண்டும். கோர்ட்டுகள் மூலம் வசூலித்து வந்த மாநிலங்களுக்கு 1999-ம் ஆண்டு வரை தவணை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பணம் ஓரிடத்தில், கோர்ட்டு ஓரிடத்தில்!

இப்போது குமாஸ்தா நோட்டீசு அனுப்ப வேண்டும். யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்த ஆபீசின் கணக்கு அவர் மேஜையில் அன்றன்றைக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு வாரம் பிந்தினாலும் ஆபத்து. பணம் கட்டிய மனிதனுக்குக் கட்டவில்லை என்று நோட்டீசு போகும். அவன் வேலையைப் போட்டு விட்டுக் கோர்ட்டுக்கு ஓடி வர வேண்டும். அன்றைய கூலியும் போச்சு!

இன்னொரு சிக்கல், பெயர் தெரியாத பணம். முதலாளி செக் அனுப்புகிறார். வழக்கு எண்ணைத் தப்பாக எழுதி விடுகிறார். அல்லது எழுதவே மறந்து விடுகிறார். பணம் வந்து விட்டது. யாருக்கு என்று தெரியவில்லை. நம் மளிகைக் கடைப் பேரேட்டில் அனாமத்து என்று ஒரு பக்கம் வைத்திருப்பார்களே, அதைப் போல ஒரு கணக்கில் கிடக்கும். தகப்பன் சம்பளத்தில் பிடித்தாயிற்று என்கிறான். தாய் காலணா வரவில்லை என்கிறாள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை!

இல்லினாய்ஸ் மாநிலத்தில் 1999-ம் ஆண்டு அக்டோபர் மாதம் இந்த ஒரே ஆபீசு முறையைத் தொடங்கினார்கள். தொடங்கியதும் குழப்பம். ஆயிரக்கணக்கான தாய்மார்களுக்குப் பணம் போய்ச் சேரவில்லை. கடைசியில் சர்க்கார் அவசர செக் எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது.

கலிபோர்னியா பணக்கார மாநிலம். கம்ப்யூட்டர்கள் பிறந்து வளர்ந்த ஊர்கள் அங்கேதான் இருக்கின்றன. அந்த மாநிலமே ஒழுங்கான கணக்கு முறை அமைக்க 2008-ம் ஆண்டு வரை இழுத்தடித்தது. அதற்காக மத்திய சர்க்காருக்குக் கட்டிய அபராதம் 100 கோடி டாலருக்கு மேல்.

தென் கரோலினா அதற்கும் பிந்தியது. 1997-ம் ஆண்டுக்குள் முடிக்க வேண்டிய வேலை. 20 ஆண்டுக்கு மேல் தாமதம். தேசத்திலேயே கடைசி! அபராதம் 10 கோடி டாலரைத் தாண்டிற்று. 2008-ம் ஆண்டில் அந்தத் தகப்பன் கோர்ட்டில் நின்றானே, அப்போது தென் கரோலினாவில் 46 மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே கணக்கு முறை கிடையாது.

யார் பார்க்கலாம்?

குமாஸ்தாவின் முன்னால் இரண்டு கணக்குமே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கட்டிய பணத்தின் கணக்கு ஒன்று. சம்பளம் வருகிறதா என்கிற கணக்கு ஒன்று. சம்பளம் வருகிறது, பணம் வரவில்லை என்றால் பிடித்தம் செய்ய உத்தரவு. சம்பளமே இல்லை என்றால், என்ன ஆயிற்று என்று கூப்பிட்டு விசாரணை. முதுகெலும்பு முறிந்தவனும் ஏமாற்றுகிறவனும் அங்கேயே பிரிந்து விடுவார்கள்.

பூராவும் பிரிந்து விடுவார்கள் என்று சொல்ல மாட்டேன். கூலியை ரொக்கமாக வாங்கிக் கொண்டு, வீட்டுக்கு வெள்ளை அடிப்பவனும், கார் ரிப்பேர் செய்பவனும் எந்த ஏட்டிலும் வர மாட்டார்கள். அவர்களை நேரில் விசாரித்தே ஆக வேண்டும்.

இன்னொரு பயமும் இருக்கிறது. அந்தத் தேசிய ஏட்டில், கடன்காரத் தகப்பன்மாரின் பெயர் மட்டுமா இருக்கிறது? வேலைக்குச் சேர்ந்த எல்லோருடைய பெயரும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்று விட்டால் என்ன ஆகும்? அடிக்கிற கணவனுக்குப் பயந்து ஓடி வந்தவள் ஓர் ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்திருப்பாள். அவள் விலாசம் அவன் கையில் கிடைத்து விடும். அதனால்தான் இன்னின்னார், இன்ன காரியத்துக்கு மட்டுமே பார்க்கலாம் என்று சட்டம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அடிதடி பயம் உள்ள பெயருக்கு எதிரே தனி அடையாளம் போட்டு வைக்கிறார்கள். அந்த விலாசத்தைச் சாதாரணமாக வெளியே கொடுக்க மாட்டார்கள்.

2016-ம் ஆண்டு டிசம்பர் மாதம் மத்திய சர்க்கார் புதிய விதி போட்டது. அவமதிப்பு வழக்குக்குப் போகும் முன்பே, தகப்பனுக்குக் கட்டும் சக்தி உண்டா என்று வசூல் இலாகா பார்க்க வேண்டும் என்பது அந்த விதி. 2008-ம் ஆண்டுப் படிவத்தில் காலியாக விட்ட வரியை, இனி ஆரம்பத்திலேயே நிரப்ப வேண்டும்.

தகப்பன்மார் தெரிந்து கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 1986-ம் ஆண்டுச் சட்டப்படி, தவணை தவறிய அன்றே அந்தத் தொகை தீர்ப்பான கடன் ஆகி விடுகிறது. பின்னால் எந்த நீதிபதியும் அதைத் தள்ளுபடி செய்ய முடியாது. வேலை போனால் அந்த வாரமே கோர்ட்டில் மனுக் கொடுத்துத் தொகையைக் குறைக்கச் சொல்ல வேண்டும். வேலை கிடைத்ததும் பார்த்துக் கொள்ளலாம் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால், வாரா வாரம் கடன் ஏறிக் கொண்டே போகும்.

இன்னொன்று. பிறந்த நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன், அதற்கு 200 டாலர் ஆயிற்று என்று சொல்லுகிற தகப்பன்மார் உண்டு. தாயின் கையிலேயே நோட்டைக் கொடுத்து விட்டு, ரசீது வாங்காமல் வருகிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்வது பொய் அல்ல. ஆனால் பட்டுவாடா ஆபீசு வழியாக வந்த பணம்தான் குமாஸ்தாவின் பட்டியலில் ஏறும். சைக்கிளைப் பரிசு என்றுதான் கோர்ட்டு எடுத்துக் கொள்ளும். அந்த வாரத்துத் தவணை அப்படியே பாக்கி நிற்கும்.